தூக்கிப் பாருங்க டீச்சர்

போன வாரம் என் அறைக்கு எம்.எஸ்சி. நர்சிங் முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்தாள். ஆய்வுத் தலைப்பைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தாள். வீட்டில் படுக்கையோடு இருக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்குப் படுக்கைப்புண் தடுப்பு பற்றிப் பாடம் நடத்த வேண்டும், அதனால் அவர்களுடைய அறிவு எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க வேண்டும். ஆய்வு மாதிரியாக அறுபது பேர். இடம் சேலம் மாநகராட்சிப் பகுதி. படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை இது 2013-ல் நான் செய்த ஆய்வு. அந்தப் புத்தகம் மெரூன் அட்டையில் பொன்னெழுத்தோடு எனக்குப் பின்னால் இருந்த பீரோவில்தான் இருக்கிறது. "தலைப்பு நல்லாயிருக்கா மேம்?" என்று கேட்டாள். "ரெண்டு நாள் டைம் குடும்மா" என்றேன். ரெண்டு நாள் ஒரு வாரமாகிவிட்டது. அவளிடம் சொல்ல வேண்டியதை முதலில் எழுதிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நர்சிங் படித்தவர்களுக்கு இந்த வகை ஆய்வு எப்படி நடக்கும் என்று தெரியும். முதலில் ஒரு வினாத்தாள் கொடுத்து முன்தேர்வு. அப்புறம் முக்கால் மணி நேரம் ஃபிளிப் சார்ட், அதாவது புரட்டிக் காட்டும் படத்தாள்கள், வைத்துப் பாடம், கையில் ஒரு சின்னக் கையேடு. ஏழாம் நாள் அதே வினாத்தாளோடு பின்தேர்வு. இரண்டு மதிப்பெண்ணையும் வைத்து 'டி' டெஸ்ட் என்ற புள்ளியியல் சோதனை போட்டால் வித்தியாசம் வரத்தான் வரும். போன வாரம் சொல்லிக் கொடுத்ததை இந்த வாரம் கேட்டால் யாருக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். எனக்கும் வந்தது. வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, வந்த வெளித் தேர்வாளர் பாராட்டினார். அந்த ஆய்வில் நான் ஒரு எண்ணைக்கூடப் பொய்யாக எழுதவில்லை. அம்மாப்பேட்டைத் தெருக்களில் சித்திரை வெயிலில் வீடு வீடாக நடந்தேன். ஆள் இல்லாத வீட்டுக்கு மூன்று தடவைகூடப் போனேன். இவ்வளவு உண்மையாகச் செய்த ஒரு வேலை எந்த இடத்தில் தவறியது என்பதுதான் என்னை இன்றுவரை விடாமல் உறுத்துகிறது.

மாதிரி எண் 41

அம்மாப்பேட்டைத் தறிவீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாசலைத் தாண்டியதும் தறி, மிச்சமிருக்கிற இடத்தில்தான் குடும்பம். நாற்பத்தொன்றாவது வீட்டில் மருமகள் குழிக்குள் காலை விட்டு நெய்துகொண்டிருப்பார், ஓர் எட்டு தள்ளி நாடா கட்டிலில் மாமியார் படுத்திருப்பார். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து அப்போதே ஒன்றரை வருஷம். மகனுக்கு விசைத்தறிப் பட்டறையில் ராத்திரி ஷிஃப்ட். பேரன் பள்ளிக்கூடம் போகிறவன். தறியில் ஓடுவதற்கும் நாடா என்று பெயர், கட்டிலில் பின்னியிருப்பதற்கும் நாடா என்று பெயர். அந்த அக்கா ஒரு நாடாவை ஓட்டிக்கொண்டே இன்னொரு நாடாவின் மேல் ஒரு கண் வைத்திருப்பார்.

பின்தேர்வில் அவர் வாங்கியது முப்பதுக்கு இருபத்தேழு. என் அறுபது பேரில் அதுதான் அதிகம். எட்டாவது வரை படித்தவர். எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியின் நிலையை மாற்ற வேண்டும் என்ற கேள்வியை நான் வாசித்து முடிப்பதற்குள் "ரெண்டு மணி நேரங்க" என்றார். புண் வரக்கூடிய இடங்களைத் தன் உடம்பிலேயே தொட்டுத் தொட்டுக் காட்டினார்: பின்னந்தலை, தோள்பட்டை, முழங்கை, வால் எலும்பு, இடுப்பெலும்பு, கணுக்கால், குதிகால். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. பெயர் போடாமல் அவரைப் பற்றி விவாதப் பகுதியில் ஒரு பத்தியே எழுதினேன். முறையாகச் சொல்லிக் கொடுத்தால் படிப்பு குறைவாக இருப்பது ஒரு தடையே இல்லை என்பது அந்தப் பத்தியின் சாரம்.

பதினோரு மாதம் கழித்து, பி.எஸ்சி. பிள்ளைகள் எட்டுப் பேரை சமுதாய நர்சிங் போஸ்டிங்குக்கு அதே தெருவுக்குக் கூட்டிப் போயிருந்தேன். நல்ல வீடு ஒன்றைக் காட்டலாம் என்று அந்த வீட்டுக்கே முதலில் போனோம். பையை இறக்கி, செய்தித்தாளை விரித்து, கை கழுவுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், முறை அப்படி. ஆனால் நிலைப்படி தாண்டும்போதே வாடை. ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு அது மறக்காது. மாமியாரான அந்த ஆயாவின் முதுகைத் திருப்பிப் பார்த்தால், வால் எலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் முழுவதும் போய் உள்ளே கொழுப்பு தெரிந்தது. அதன் மேல் மஞ்சள்தூள் அப்பியிருந்தது.

"நான் சொல்லிக் குடுத்ததெல்லாம் மறந்துபோச்சாக்கா?" என்று கேட்டுவிட்டேன். மாணவிகள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவர் தறியிலிருந்து எழுந்து வந்தார். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பணும், ஈரம் இருக்கக் கூடாது, விரிப்புல சுருக்கம் இருக்கக் கூடாது, தண்ணி நிறையக் குடுக்கணும், முட்டை குடுக்கணும், சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது என்று, ஏழாம் நாள் சொன்ன அதே வரிசையில், ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "தெரியாமயாங்க இருக்குது. ஒரு தடவை நீங்களே தூக்கிப் பாருங்க டீச்சர்" என்றார். குரலில் கோபம் இல்லை. நான் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினார்.

தூக்கினேன். விழுந்த கையை நெஞ்சுக்குக் குறுக்கே வைத்து, காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து என் பக்கம் உருட்டினேன். கல்லூரியில் நூறு தடவை செய்து காட்டியது. ஆயா நல்ல கனம். கட்டில் தாழ்வானது, அதனால் என் இடுப்பில் சுருக்கென்று பிடித்தது. ஒருவழியாகத் திருப்பி, முதுகுக்குப் பின்னால் தலையணையை மடித்து முட்டுக் கொடுத்துவிட்டு, கை கழுவப் போனேன். சொம்புத் தண்ணீரை ஊற்றி முடிப்பதற்குள் ஆயா பழையபடி மல்லாந்து கிடந்தார். மாணவி ஒருத்தி "மேம்..." என்றாள். திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன். வருஷக்கணக்கில் ஆள் படுத்துப் படுத்து நாடா தளர்ந்து நடுவில் தொட்டில்போலத் தொங்கியது. எந்தப் பக்கம் திருப்பினாலும் உடம்பு அந்தப் பள்ளத்துக்கே உருண்டு வந்துவிடும். பள்ளத்தின் அடியில், பாரம் முழுவதும் இறங்கும் இடத்தில், சரியாக அந்த வால் எலும்பு. என் ஃபிளிப் சார்ட்டில் இருந்த படத்தில் இரும்புக் கட்டில், சமமான மெத்தை, இரண்டு பக்கமும் இரண்டு நர்ஸ். அந்தப் படத்தை நான் இதே நாடா கட்டிலின் மேல் சாய்த்து வைத்துத்தான் பாடம் நடத்தியிருந்தேன்.

அதற்கப்புறம் அவர் சொன்னதை நான் குறுக்கே பேசாமல் கேட்டேன். பகலில் தறியை நிறுத்திவிட்டு வந்து எப்படியோ திருப்பிவிடுகிறார். ராத்திரி ஆள் இல்லை. "பன்னெண்டு மணிக்கு ஒருக்கா, ரெண்டு மணிக்கு ஒருக்கா எந்திரிச்சா காலையில தறியில கண்ணு சொருகுதுங்க. நூலு அறுந்தது தெரியாம நெஞ்சுட்டேன்னா கூலியில பிடிப்பாங்க." ஆயா குழறலாக ஏதோ சொன்னார். மருமகள்தான் விளக்கினார்: "ராத்திரி எந்திரிக்காத சாமின்னு சொல்றாங்க. அத்தை சாயங்காலம் நாலு மணிக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்லைங்க. குடிச்சா நனைச்சிருவாங்களாம், நான் எந்திரிக்கணுமாம்." மருமகளின் தூக்கத்துக்காக மாமியார் தொண்டையைக் காயவிட்டுக்கொண்டிருந்தார். மாமியாரின் முதுகுக்காக மருமகள் தூக்கத்தை விட்டுக்கொண்டிருந்தார். ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதில் ஒரு குறையும் இல்லை. என் முப்பது கேள்வியில் ஒன்றுகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்துக்கொள்பவரின் சுமையை அளப்பதற்கு ஸாரிட் என்ற ஆய்வாளரின் வினாத்தாள் 1980-களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது, இருபத்திரண்டு கேள்விகள். நான் அதைப் படித்திருக்கிறேன், இலக்கிய மதிப்பாய்வில் மேற்கோள்கூடக் காட்டியிருக்கிறேன். ஆனால் எடுத்துக்கொண்டு போகவில்லை.

இரண்டு பலகை, ஒரு வேட்டி

நான் சொல்லிக் கொடுத்ததைவிட அந்தத் தெரு செய்தது அதிகம். எதிர் வீட்டுப் பெரியவர் தறியைப் பிரித்துவிட்டவர். பிரித்த தறியிலிருந்து இரண்டு அகலப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாடாவின் மேல் குறுக்கே பலகை, பலகையின் மேல் நல்ல கனமான ஃபோம் மெத்தை. மெத்தைக்கு மாணவிகள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டார்கள். மெத்தைக்கு மேல், தோளிலிருந்து தொடை வரை வரும்படி நாலு முழ வேட்டியை நான்காக மடித்துப் போட்டோம். மருத்துவமனையில் இதற்கென்று தனி விரிப்பு உண்டு. உடம்பைத் தூக்காமல் அந்தத் துணியைப் பிடித்து இழுத்துத் திருப்பிவிடலாம். கட்டில் காலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினோம், குனிவது குறைந்தது. இப்போது ஒரு ஆள், அதுவும் ஒல்லியான ஒரு ஆள், திருப்ப முடிந்தது. திருப்பினால் அப்படியே நின்றது. அன்றைக்கு அந்த அக்கா முகத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது, மாணவிகளுக்காக அடக்கிக்கொண்டேன்.

புண்ணை மருத்துவரிடம் காட்டி, செத்த சதையை எடுத்து, உப்புநீரில் கழுவிக் கட்டுப் போட ஆரம்பித்தோம். மஞ்சள்தூளை ஏன் போடக் கூடாது என்று பக்குவமாகச் சொன்னேன். தண்ணீரைப் பகலுக்கு மாற்றினோம்: காலையிலிருந்து மூன்று மணிக்குள் முக்கால்வாசி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சம், படுக்கும் முன் பெட்பேன். பக்கத்து வீட்டு அம்மா ராத்திரி பத்து மணிக்கும், தண்ணி பிடிக்க எழும் விடிகாலையிலும் வந்து ஒரு கை கொடுத்தார். நான் வாரம் ஒரு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று மாறியிருக்கும். ஒரு வாரம் பலகை நகர்ந்திருந்தது, ஒரு வாரம் குதிகால் சிவந்திருந்தது, ஒரு வாரம் அந்த அக்காவுக்கே காய்ச்சல். புண் ஆற ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது. அந்த ஐந்து மாதத்தில் நான் அவருக்குப் புதிதாக எந்தப் 'பாட'மும் நடத்தவில்லை.

அந்த இரண்டு மணி நேரக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் ஆய்வு செய்த அதே 2013-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 942 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று மூன்று விதமாகத் திருப்பிப் பார்த்தார்கள். புண் வருவதில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் எல்லாருக்கும் அடர்த்தியான ஃபோம் மெத்தை கொடுத்திருந்தார்கள். இதைப் படித்த அன்றைக்கு நான் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நாங்கள் வேதம்போல ஒப்பிக்க வைக்கும் அந்த 'ரெண்டு மணி நேரம்' என்பதே கீழே என்ன விரித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. நல்ல மெத்தையும் அடிக்கடி வந்து தோலைப் பார்க்கும் ஒரு ஆளும் இருந்தால் அந்த அக்காவுக்கு ராத்திரியில் நாலு மணி நேரம் தொடர்ந்து தூக்கம் கிடைத்திருக்கலாம். மெத்தையைத் தராமல் மணிக் கணக்கை மட்டும் தந்துவிட்டு வந்திருந்தேன்.

குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுத்தால் போதுமா

'வீட்டிலேயே வச்சு நல்லா பார்த்துக்கோங்க' என்று சொல்லித்தான் மருத்துவமனைகளில் அனுப்புகிறோம். 'வீட்டிலேயே வச்சுப் பார்த்துக்கிறோம்' என்று சொல்வதில் நம் ஊர்க் குடும்பங்களுக்கும் ஒரு கௌரவம் இருக்கிறது. நான் அந்தக் கௌரவத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த வாக்கியத்தில் 'பார்த்துக்கொள்' என்ற வினைக்கு எழுவாய் யார் என்று கேட்டால், பெரும்பாலான வீட்டில் ஒரே ஒரு பெண். மகளோ மருமகளோ மனைவியோ. அந்த ஒருத்திக்கு இன்னும் கொஞ்சம் பயிற்சி கொடுத்துவிட்டால் ஆள் பற்றாக்குறை தீர்ந்துவிடும் என்று நம் துறை ரொம்ப நாளாக நம்பியது. நானும் நம்பினேன்.

அந்த நம்பிக்கையைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. அட்டெண்ட் என்று பெயர், 2017-ல் லான்செட் இதழில் வந்தது. இந்தியா முழுவதும் 14 மருத்துவமனைகள், பக்கவாதம் வந்த 1,250 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பாதிக்கு அதோடு சேர்த்துக் குடும்பத்தில் ஒருவருக்கு மறுவாழ்வுப் பயிற்சி. மருத்துவமனையிலேயே தொடங்கி, வீட்டுக்குப் போன பிறகும் இரண்டு மாதம் வரை. ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் இறந்துபோனார்கள் அல்லது அடுத்தவர் உதவியில்லாமல் இருக்க முடியாத நிலையில் இருக்கிறார்கள் என்று பார்த்தால், பயிற்சி பெற்ற குழுவில் 47 சதவீதம், பெறாத குழுவிலும் 47 சதவீதம். துளி வித்தியாசம் இல்லை. முதலில் எனக்கு இது ஏமாற்றமாக இருந்தது. அப்புறம் நாற்பத்தொன்றாம் வீடு ஞாபகம் வந்தது. என் வாசிப்பு இதுதான்: இரண்டு குழுவிலும் பார்த்துக்கொண்டது குடும்பம்தான். பயிற்சி இல்லாத வீட்டிலும் ஒரு பெண் திருப்பிப் போட்டுக்கொண்டும் கை காலை நீட்டி மடக்கிக்கொண்டும்தான் இருந்திருப்பாள். பயிற்சி பெற்ற வீட்டில் கூடுதலாக வந்து சேர்ந்தது சொல், இன்னொரு ஜோடிக் கை வரவில்லை. ஆய்வு அப்படி முடிவு சொல்லவில்லை, இது நான் எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த வீட்டில் பிடித்த இடுப்பு வலியோடுதான் அந்தக் கட்டுரையை நான் படித்தேன்.

வீட்டுக்கே போய்ப் பார்ப்பது பற்றியும் நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் அருகே ரோடோவ்ரே என்ற புறநகரில், 75 வயது தாண்டியவர்களை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, மூன்று வருஷம் விடாமல் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். 1984-ல் முடிவு வந்தது, பார்க்கப்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்வது குறைந்திருந்தது. பின்னால் அந்த நாட்டில் இத்தகைய வீட்டு வருகை சட்டமாகவே ஆனது. அதே யோசனையை வேறு நாடுகளில் செய்தபோது பலன் சில இடத்தில் தெரிந்தது, சில இடத்தில் தெரியவில்லை. ஏன் என்று 2002-ல் 18 ஆய்வுகளை, பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களின் விவரத்தை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். முதியோர் இல்லத்தில் சேர்வது குறைந்தது, ஒன்பது தடவைக்கு மேல் திரும்பத் திரும்பப் போன ஆய்வுகளில் மட்டும்தான். உடம்பை மட்டும் பார்க்காமல் வீடு, மனசு, துணை எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பிட்டு, தொடர்ந்து போன இடங்களில்தான் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் திறன் குறைவது தள்ளிப்போனது. சேலத்தில் முதியோர் இல்லச் சேர்க்கையை அளவுகோலாக வைக்க முடியாது, இங்கே நிலைமை வேறு. ஆனால் ஒன்பது என்ற அந்த எண்ணை நான் என் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். என் ஆய்வில் நான் ஒரு வீட்டுக்குப் போனது இரண்டு தடவை. முன்தேர்வுக்கு ஒன்று, பின்தேர்வுக்கு ஒன்று.

நாகலூருக்கு அந்தப் பக்கம்

திரும்பப் போவது என்ன செய்யும் என்பதைப் புத்தகத்தைவிடத் தெளிவாக எனக்குக் காட்டியவர் ஏற்காட்டு மலையில் ஒரு தன்னார்வலர். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது எல்லாருக்கும் தெரியும். பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வரும், படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருவார்கள். அடுத்த வருஷம் மாணவிகளோடு மலைக்குப் போயிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, நாகலூரும் தாண்டி, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறிய காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் அரை மணி நேரம் நடை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்றால் மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. அந்தப் பாதையில் நடந்தால் அந்த 3,000-மே எவ்வளவு பெரிய எண் என்பது முழங்காலுக்குத் தெரியும்.

ஒரு பாட்டி. தனியாக இருக்கிறார், பிள்ளைகள் திருப்பூரில். பல வருஷமாக சுகர். மாணவி ரத்த அழுத்தம் பார்த்தாள், சரியாக இருந்தது. மாத்திரை எண்ணினாள், சரியாக இருந்தது. பதிவேட்டில் எழுதிவிட்டுக் கிளம்பத் தயாரானோம். எங்களோடு வந்த அந்தத் திட்டத்தின் தன்னார்வலர் மட்டும் கிளம்பவில்லை. "அக்கா, போன மாசம் நான் வந்தப்ப பாட்டி மாத்திரை வாங்க வாசப்படி வரைக்கும் வந்தாங்க. இந்த மாசம் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. என்னமோ இருக்குது" என்றார். பாட்டியைக் கேட்டால் "ஒண்ணுமில்ல கண்ணு" என்கிறார். தன்னார்வலர் தரையில் உட்கார்ந்து பாட்டியின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, விரல் விரலாக விலக்கிப் பார்த்தார். இடது கால் சுண்டுவிரலுக்கு அடியில் முள் குத்திய இடம் சீழ் பிடித்திருந்தது. சுகரில் காலில் உணர்ச்சி குறைந்துபோனதால் பாட்டிக்கு வலியே தெரியவில்லை. கால் மட்டும் தானாகவே அந்த இடத்தை ஊன்றாமல் தவிர்த்திருக்கிறது. இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் விரல் போயிருக்கும், காலேகூடப் போயிருக்கும்.

எங்கள் கையில் இருந்த கருவி அன்றைக்கு என்ன அளவு என்று சொல்லும். போன மாதம் எப்படி நின்றார் என்று அது சொல்லாது. அந்தப் பெண் நர்சிங் படித்தவர் இல்லை, சுய உதவிக் குழுவிலிருந்து வந்தவர். ஆனால் அவர் மனசில் பாட்டியின் பன்னிரண்டு மாதம் இருந்தது. என் மாணவிகளிடம் ஒரு காலை மட்டும்தான் இருந்தது. நாங்கள் வகுப்பில் மாவட்டச் செவிலியத்தின், அதாவது வீடு தேடிப் போய்ப் பார்க்கும் செவிலியத்தின், தொடக்கம் என்று லிவர்பூல் கதையைச் சொல்வோம். 1859-ல் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், தன் மனைவியைக் கடைசிக் காலத்தில் வீட்டில் வைத்துப் பார்த்த மேரி ராபின்சன் என்ற செவிலியரை, ஏழைகள் வீட்டுக்கும் போய்ப் பார்க்கச் சொல்லி மூன்று மாதத்துக்கு அமர்த்தினார். மூன்று மாதம் முடிவதற்குள் மேரி அழுதுகொண்டே திரும்பி வந்து, அந்தத் துயரத்தைப் பார்க்க முடியவில்லை என்றார். இன்னும் கொஞ்ச காலம் போய்ப் பாருங்கள் என்று ராத்போன் கேட்டுக்கொண்டார், அவரும் போனார், அங்கிருந்துதான் எல்லாம் வளர்ந்தது. தேர்வுக்கு ஆண்டையும் பெயரையும் கேட்போம். அவர் திரும்பவும் போனார் என்பதை நான் ஒரு வருஷம்கூட அழுத்திச் சொன்னதில்லை. இந்த வருஷம் சொன்னேன்.

அவளுக்கு என்ன சொல்ல

மாணவியிடம் இந்தத் தலைப்பு வேண்டாம் என்று சொல்வது எளிது. ஆனால் அவளுடைய நெருக்கடி எனக்குத் தெரியும். தரவு சேகரிக்கக் கிடைப்பது ஆறு வாரம். அதற்குள் ஒன்பது தடவை அறுபது வீட்டுக்கு அவளால் போக முடியாது. ஆய்வுக் குழு அறுபது மாதிரி கேட்கும், முன்தேர்வு பின்தேர்வு கேட்கும், எண்ணில் வித்தியாசம் கேட்கும். வருஷா வருஷம் இப்படி எத்தனையோ அறுபது வீடுகளுக்குப் போய்வருகிறோம். நம்மை நம்பிக் கதவைத் திறந்து, தறியை நிறுத்திவிட்டு வந்து பதில் சொல்கிறார்கள். ஏழாம் நாளுக்கு அப்புறம் நாம் அங்கே போவதில்லை. இதை நான் ஒரு முறைகேடாகவே இப்போது நினைக்கிறேன். சட்டப்படி இல்லை, மனசுப்படி.

அறுபதுக்குப் பதில் பன்னிரண்டு வீடு எடுத்துக்கொள் என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். ஆறு வாரமும் வாரம் இரண்டு தடவை போ. அறிவை அளக்காதே, தோலை அளந்து எழுது. கட்டிலைப் படம் வரைந்து வா. ராத்திரி யார் எத்தனை தடவை எழுந்தார்கள் என்று எழுது. முதல் தடவை போகும்போது எதையும் சொல்லிக் கொடுக்காதே, அந்த அம்மாவோடு சேர்ந்து ஒரு தடவை தூக்கிப் பார். புள்ளியியல் ஆசிரியர் பன்னிரண்டு போதாது என்பார், அவரோடு நான் பேசிக்கொள்கிறேன். குழு மறுத்தால் அங்கேயும் நான் வந்து உட்காருகிறேன். இதெல்லாம் நடக்குமா என்று எனக்கு உறுதி இல்லை. ஆனால் போன பத்து வருஷத்தில் வந்த மாணவிகளிடம் இதைக்கூட நான் சொல்லவில்லை, அவர்கள் கொண்டுவந்த தலைப்புகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

நாற்பத்தொன்றாம் வீட்டு ஆயா அப்புறம் இரண்டு வருஷம் இருந்தார். கடைசியில் நிமோனியாவில் போனார். முதுகில் அப்போது புண் எதுவும் இல்லை, குளிப்பாட்டும்போது பார்த்தேன் என்று அந்த அக்கா போனில் சொன்னார். அந்தப் பலகைகளையும் மெத்தையையும் அவர் எடைக்குப் போடவில்லை. அதே தெருவில் ஒரு வீட்டுக்குப் போய், அங்கிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய், இப்போது மூன்றாவதாக ஒரு பெரியவர் அதன் மேல் படுத்திருக்கிறார். அவர் மனைவிக்கே எழுபது வயது. திருப்பிப் போட ஆள் இல்லை என்று முந்தாநாள் அந்த அக்காதான் எனக்குக் கூப்பிட்டார். இப்போது அவர் தறி நெய்வதில்லை, மூட்டு வலி. ராத்திரி பத்து மணிக்கும் விடிகாலையிலும் அந்த வீட்டுக்குப் போய் ஒரு கை கொடுத்துவிட்டு வருகிறாராம். சனிக்கிழமை காலை மாணவியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "அந்தப் பொண்ணை வெறுங்கையோட வரச் சொல்லுங்க டீச்சர்" என்றார்.